பெயரே கேள்விப்படாத அணியோடு மேட்சா? கல்லூரிக் கூடைப்பந்து முன்னோட்டம் தயாரிப்பது எப்படி

அமெரிக்காவில் படிக்கவோ வேலைக்கோ வந்து, நவம்பரில் யாரோ கூப்பிட்டார்கள் என்று கல்லூரி கூடைப்பந்து பார்க்கப் போய், அதிலேயே மனதைப் பறிகொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜனவரிக்குப் பிறகு பிரச்சினை இல்லை. கான்ஃபரன்ஸ் (ஒரே குழுவில் உள்ள கல்லூரிகள் தங்களுக்குள் மோதும்) ஆட்டங்கள் தொடங்கிவிடும், ஆண்டுதோறும் மோதும் அணிகள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நவம்பர், டிசம்பரில்தான் சிக்கல். ஆண்கள் முதல் டிவிஷனில் மட்டும் 360க்கு மேல் அணிகள். அட்டவணையில் திடீரென்று ஒரு பெயர் வந்து நிற்கும். அது எந்த மாநிலம் என்றுகூடத் தெரியாது. நண்பர்களிடம் கேட்டால், "யாருன்னு தெரியல, ஈஸியா ஜெயிச்சிடுவோம்" என்பதுதான் பதிலாக வரும்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. எதிரில் ஆடுகிறவர்கள் யார், எப்படி ஆடுவார்கள் என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அதே ஆட்டம் இரண்டு மடங்கு சுவையாக இருக்கிறது. ஆனால் தகவல்கள் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன, சிலவற்றுக்குப் பணம், சிலவற்றை அப்படியே நம்பினால் ஆபத்து. எதை முதலில் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வரிசை இது. நீங்கள் அந்தச் சிரமத்தைப் பட வேண்டாம்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட எல்லாமே இலவசமாகச் செய்யலாம். கென்பாம் என்ற புள்ளிவிவரத் தளத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 25 டாலர். எதிரணியின் பழைய ஆட்டத்தை முழுதாகப் பார்க்க ஈ.எஸ்.பி.என். ஸ்ட்ரீமிங் சந்தா வேண்டியிருக்கும், மாதம் 10 முதல் 15 டாலருக்குள். நேரம், இரண்டு மாலைப் பொழுது. ஆட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்பு தொடங்குங்கள். அதற்கும் முன்னால் தொடங்கினால், இடையில் அவர்கள் இன்னொரு ஆட்டம் ஆடிவிடுவார்கள், பாதிக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

1. எந்தக் கல்லூரி என்று உறுதிசெய்யுங்கள்

இதிலேயே நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மயாமி என்றால் இரண்டு கல்லூரிகள்: ஒன்று ஃபுளோரிடாவில், இன்னொன்று ஓஹாயோவில். லொயோலா மூன்று: சிகாகோ, மேரிலாந்து, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள லொயோலா மேரிமவுண்ட். சான் டியேகோ என்று மூன்று அணிகள்: சான் டியேகோ, சான் டியேகோ ஸ்டேட், யூ.சி. சான் டியேகோ. நார்த்வெஸ்டர்ன் இல்லினாய்ஸில் இருக்கிறது. நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் லூசியானாவில். "ஸ்டேட்" என்ற ஒரு சொல் விட்டுப்போனால் நீங்கள் தயாரிக்கும் முன்னோட்டம் முழுக்க வேறொரு அணியைப் பற்றியதாகிவிடும்.

உங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தளத்தில் அட்டவணையைத் திறந்து, எதிரணியின் பெயரைத் தொட்டு அவர்களுடைய அதிகாரப்பூர்வத் தளத்துக்குப் போங்கள். தேடுபொறியில் பெயரைத் தட்டிப் போகாதீர்கள். ஆண்கள் அணியா பெண்கள் அணியா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள், இரண்டு பக்கங்களும் ஒரே மாதிரி இருக்கும். (பெண்கள் ஆட்டத்துக்கும் இதே வழிதான். அங்கே 10 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள், ஆண்கள் ஆட்டத்தில் 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள்.)

2. நான்கு ஆவணங்களை எடுத்து வையுங்கள்

எதிரணியின் தளத்திலிருந்து ரோஸ்டர், அதாவது வீரர் பட்டியல், இந்த சீசன் அட்டவணையும் முடிவுகளும், மொத்தப் புள்ளிவிவரம், கடைசி இரண்டு மூன்று ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஒரு ஆட்டத்தில் யார் எவ்வளவு எடுத்தார் என்ற பட்டியல். இந்த நான்கும் எல்லாக் கல்லூரித் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, புதியவர்கள் பலருக்குத் தெரியாது. பல கல்லூரிகள் பத்திரிகையாளர்களுக்காக "கேம் நோட்ஸ்" என்று ஒரு பி.டி.எஃப். போடுவார்கள். வழக்கமாக ஆட்டத்துக்கு முந்தைய நாள் வரும். யார் எந்த வரிசையில் தொடங்குகிறார்கள், யார் எங்கிருந்து மாறி வந்தார், இரண்டு அணிகளும் முன்பு மோதியிருக்கின்றனவா என்று எல்லாம் அதில் இருக்கும். அவர்களே எழுதுவது என்பதால் குறைகளைச் சொல்ல மாட்டார்கள். விவரங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இதோடு கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் நெட் என்ற அணித் தரவரிசை, பார்ட் டோர்விக் என்ற புள்ளிவிவரத் தளம் இரண்டையும் திறந்து வையுங்கள். இரண்டும் இலவசம். நெட் தரவரிசை சீசன் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான் வெளிவரத் தொடங்கும். நவம்பர் முதல் வாரத்தில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

3. போன வருடக் கணக்கை மூடி வைத்துவிட்டு, ரோஸ்டரைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி அணி என்பது இன்றைக்குக் களத்தில் நிற்கும் ஆட்கள்தான். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இப்போது சர்வ சாதாரணம். ஒரே கோடைக்காலத்தில் முக்கால்வாசி அணி மாறிவிடுவதும் உண்டு. கோச் மாறினால் கேட்கவே வேண்டாம்.

ஃபேர்லி டிக்கின்சன் என்ற நியூஜெர்சிக் கல்லூரியைப் பாருங்கள். 2021-22 சீசனில் 4 வெற்றி, 22 தோல்வி. அந்தக் கணக்கை வைத்து அடுத்த சீசன் முன்னோட்டம் எழுதியவர் என்ன எழுதியிருப்பார்? ஆனால் இடையில் டோபின் ஆண்டர்சன் கோச்சாக வந்தார். அதற்கு முன் அவர் நியூயார்க் மாநிலத்தில் செயின்ட் தாமஸ் அக்வைனஸ் என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரியில் இருந்தவர். அங்கே தன்னிடம் ஆடிய டெமிட்ரே ராபர்ட்ஸ், கிராண்ட் சிங்கிள்டன், ஷான் மூர் மூவரையும் கூடவே அழைத்து வந்தார். முதல் டிவிஷன் புள்ளிவிவரத் தளங்களில் அந்த மூவருக்கும் பழைய கணக்கு என்று எதுவும் இல்லை.

அந்த அணிதான் 2023 மார்ச் 17 அன்று, ஓஹாயோவின் கொலம்பஸ் நகரில், மார்ச் மாதத் தேசியத் தொடரில், முதல் நிலை (நம்பர் 1 சீட்) அணியான பர்டியூவை 63-58 என்று வீழ்த்தியது. ஃபேர்லி டிக்கின்சன் முதல் டிவிஷனிலேயே சராசரி உயரம் குறைந்த அணி. எதிரில் 7 அடி 4 அங்குல ஸாக் ஈடி. அவர் 21 புள்ளி, 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தும் பர்டியூவால் ஜெயிக்க முடியவில்லை. 19 புள்ளியோடு அன்றைக்கு ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர் அந்த மூவரில் ஒருவரான ஷான் மூர்.

அதனால் ரோஸ்டரைத் திறந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் நேராக மூன்று குறிப்பு எழுதுங்கள்: எந்த ஆண்டு மாணவர், போன சீசன் எங்கே ஆடினார், இந்த சீசனில் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் ஆடுகிறார். "முந்தைய கல்லூரி" என்று ரோஸ்டரிலேயே பெரும்பாலும் போட்டிருப்பார்கள். அது இரண்டாம் டிவிஷன் கல்லூரியாகவோ இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியாகவோ இருந்தால், அந்தக் கல்லூரித் தளத்துக்கே போய்ப் பழைய புள்ளிவிவரத்தைப் பாருங்கள். சிரமம்தான். ஆனால் எதிரணியைப் பற்றி உங்கள் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாதது உங்களுக்குக் கிடைப்பது அங்கேதான்.

நிமிடக் கணக்கை விட்டுவிடாதீர்கள். ரோஸ்டரில் 15 பேர் இருப்பார்கள். உண்மையில் ஆடுவது எட்டு, ஒன்பது பேர். மற்றவர்களைப் பற்றி எழுத நேரம் செலவிடத் தேவையில்லை.

4. வெற்றி தோல்வியை யாரோடு, எங்கே என்று பிரித்துப் பாருங்கள்

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு அணி 1-7 என்று வந்தால் மட்டம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சிறிய கல்லூரிகள் நவம்பர், டிசம்பரில் பெரிய அணிகளின் அரங்குக்கே போய் ஆடுகின்றன, அதற்குப் பணம் வாங்குகின்றன. ஒரு ஆட்டத்துக்குப் பல பத்தாயிரம் டாலர், சில சமயம் ஒரு லட்சத்தையும் தாண்டும். அவர்களுடைய விளையாட்டுத் துறையின் செலவுகளில் ஒரு பகுதி அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. கறுப்பினக் கல்லூரிகளின் ஸ்வாக் கான்ஃபரன்ஸ் அணிகளின் அட்டவணையைப் பாருங்கள், முதல் இரண்டு மாதம் சொந்த அரங்கில் ஆடுவதே அபூர்வம்.

டெக்சஸ் சதர்ன் அப்படி ஒரு அணி. 2021 டிசம்பர் 6 அன்று ஃபுளோரிடாவின் அரங்குக்குள் நுழைந்தபோது அந்த சீசனில் ஒரு வெற்றிகூட இல்லை. ஃபுளோரிடா முதல் 25 தரவரிசையில் இருந்தது. முடிவு 69-54, டெக்சஸ் சதர்னுக்கு. அதுவரை கிடைத்த தோல்விகள் பெரிய அணிகளின் ஊர்களில் வாங்கியவை என்பதை யாராவது பார்த்திருந்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு கண்ணி உண்டு. சில அணிகள் மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளையோ என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறொரு அமைப்பின் சிறிய கல்லூரிகளையோ தங்கள் அரங்குக்கு அழைத்து 50, 60 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள். கல்லூரித் தளத்தில் உள்ள சராசரியில் அந்த ஆட்டங்களும் சேர்ந்திருக்கும். ஆறே ஆட்டம் முடிந்திருக்கும் நேரத்தில் அப்படி இரண்டு இருந்தால் மொத்தக் கணக்கும் ஊதிப்போய்விடும். கென்பாம், டோர்விக் இரண்டும் அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்கிடுகின்றன. சராசரிகளை அங்கிருந்தே எடுங்கள்.

இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூர் ஆட்டமா, இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது இடமா? நெட் தரவரிசையே இதைக் கணக்கில் எடுக்கிறது. முதல் தர வெற்றி என்று எண்ணப்பட, சொந்த அரங்கில் என்றால் முதல் 30க்குள் உள்ள அணியை வீழ்த்த வேண்டும். பொது இடத்தில் 50, எதிரியின் ஊரில் 75 வரை போதும். நன்றி தெரிவிக்கும் நாள் வாரத்தில் நடக்கும் தொடர்களில், ஹவாயில் நடக்கும் மௌவித் தீவுத் தொடர் மாதிரி, மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் கால்கள் எவ்வளவு ஓடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

5. ஐந்து எண்கள் போதும்

முதலில் வேகம். ஒரு ஆட்டத்துக்கு 60 புள்ளி எடுக்கும் அணி மோசமான அணி என்று நினைக்காதீர்கள். மெதுவாக ஆடும் அணியாக இருக்கலாம். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு முறை பந்து கைக்கு வந்தால் 30 விநாடிக்குள் எறிய வேண்டும். சிலர் அந்த 30ஐயும் பயன்படுத்துவார்கள். அதனால் புள்ளிகளை ஆட்டக் கணக்கில் பார்க்காமல், பந்து கைக்கு வரும் தடவைக் கணக்கில், அதாவது 100 பொசெஷனுக்கு எத்தனை என்று பாருங்கள்.

அதற்கு அடுத்த நான்கும் எறியும் திறன், டர்ன்ஓவர் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது), எதிரியின் கூடைக்கடியில் எடுக்கும் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்). தளங்களிலேயே கிடைக்கும், ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் பாக்ஸ் ஸ்கோரைப் பார்த்தவுடன் புரிந்துவிடும். ஒரு மாதிரி பாக்ஸ் ஸ்கோர் எடுத்துக்கொள்வோம்: 58 எறிதலில் 24 உள்ளே, அதில் 9 மூன்று புள்ளி. 20 ஃப்ரீ த்ரோவில் 14. எதிரியின் கூடைக்கடியில் 10 ரீபவுண்ட். அங்கே எதிரி எடுத்தது 22. டர்ன்ஓவர் 14. மொத்தம் 71 புள்ளி.

எறியும் திறனுக்கு 24உடன், மூன்று புள்ளிக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு என்பதால், 9இல் பாதியான 4.5ஐக் கூட்டி 58ஆல் வகுத்தால் 49 சதவீதம். 50ஐ ஒட்டி இருப்பது நாட்டுச் சராசரி. பொசெஷனுக்கு 58இலிருந்து 10ஐக் கழித்து, 14ஐக் கூட்டி, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை 20ஐ 0.475ஆல் பெருக்கி வரும் 9.5ஐச் சேர்த்தால் 71.5. ஆக 100 பொசெஷனுக்கு 99 புள்ளி, அதாவது சுமார்தான். டர்ன்ஓவர் 14ஐ 71.5ஆல் வகுத்தால் 20 சதவீதத்தை ஒட்டி வருகிறது, இது அதிகம், பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாத அணி. ரீபவுண்ட் 10ஐ, இரு அணியும் அங்கே எடுத்த மொத்தமான 32ஆல் வகுத்தால் 31 சதவீதம், நல்ல அளவு. ஃப்ரீ த்ரோ 20ஐ 58ஆல் வகுத்தால் 34, பரவாயில்லை.

இவ்வளவுதான். இப்போது உங்கள் அணி பந்தைப் பறிப்பதில் கெட்டிக்காரர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் முன்னோட்டத்தின் முதல் வரி கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. நவம்பரில் கென்பாம், டோர்விக் எண்கள் இந்த சீசனை மட்டும் வைத்து வந்தவை அல்ல. போதுமான ஆட்டங்கள் முடியும்வரை சீசனுக்கு முந்தைய மதிப்பீடும் அதில் கலந்திருக்கும். முழுக்க மாறிப்போன அணிக்கு அந்த மதிப்பீடு நன்றாகவே தவறலாம். சீசன் நன்றாக நகர்ந்த பிறகுதான் நிம்மதியாக நம்பலாம்.

6. ஒரு ஆட்டத்தையாவது முழுதாகப் பாருங்கள்

வெற்றி பெற்ற ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் எல்லா அணியும் நன்றாகவே தெரியும். உங்கள் அணியின் தரத்தில் உள்ள ஒருவரிடம் அவர்கள் நெருக்கமாகத் தோற்ற ஆட்டம் இருந்தால் அதுதான் சிறந்தது. ஈ.எஸ்.பி.என். ஸ்ட்ரீமிங்கில் பல கான்ஃபரன்ஸ்களின் ஆட்டப் பதிவுகள் கிடைக்கும். சில அணிகளின் ஆட்டங்கள் வேறு சந்தாத் தளங்களில் மட்டும்தான் இருக்கும். அங்கே ஒரு மாதத்துக்குப் பணம் கட்டும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மார்ச் வரை கார்டிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

எதைப் பார்ப்பது? தற்காப்பு ஆளுக்கு ஆள் ஆடுகிறார்களா, இடம் பிடித்து ஸோன் ஆடுகிறார்களா? முழு மைதானமும் நெருக்கிப் பிடிக்கிறார்களா? இவை எதுவும் பாக்ஸ் ஸ்கோரில் இருக்காது. 2024 மார்ச் 21 அன்று ஓக்லண்ட் அணி தேசியத் தொடரில் கென்டக்கியை 80-76 என்று தோற்கடித்தபோது, ஓக்லண்ட் கோச் கிரெக் காம்பியின் ஸோன் கென்டக்கியின் இளம் வீரர்களைக் குழப்பியது. இன்னொரு பக்கம் ஓக்லண்டின் ஜாக் கோல்கி 10 மூன்று புள்ளி எறிதல்களோடு 32 புள்ளி. அவரும் இரண்டாம் டிவிஷனில் இருந்து வந்தவர். அந்த சீசன் முழுக்க அவர் எறிந்ததில் கிட்டத்தட்ட எல்லாமே மூன்று புள்ளிதான். ஒரே ஒரு ஆட்டம் பார்த்திருந்தாலும், சக வீரர் எதிராளியை வழிமறித்து நிற்கும் 'ஸ்க்ரீனை'ச் சுற்றி ஓடி வந்து கால் ஊன்றும் முன்பே எறியத் தயாராகும் அவருடைய பழக்கம் கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்து, மீடியா டைம்அவுட், அதாவது தொலைக்காட்சி விளம்பர இடைவேளை. ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் மீதி நேரம் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே வந்த பிறகு, அடுத்த முறை ஆட்டம் நிற்கும்போது இது வரும். அதற்குப் பின் யார் உள்ளே வருகிறார்கள் என்று குறியுங்கள். முதன்மையான பந்து கையாளுபவர் ஓய்வெடுக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் எதிரணி என்ன ஆகிறது என்பதுதான் நான் முதலில் தேடுவது. சிறிய அணிகள் பெரும்பாலும் அங்கேதான் இடறுகின்றன.

7. எழுதும்போது

ஒரு பக்கம் போதும். அவர்கள் யார், யாரைக் கவனிக்க வேண்டும், எந்த இடத்தில் ஆட்டம் தீர்மானமாகும், உங்கள் கணிப்பு. கணிப்பை எண்ணாகவே எழுதுங்கள், "கடினமான ஆட்டமாக இருக்கும்" என்பது யாருக்கும் உதவாது. தோற்க வாய்ப்புள்ள வழியையும் ஒரு பத்தி எழுதுங்கள். 2018 தேசியத் தொடரில் வர்ஜீனியா, நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி விட்டுக்கொடுத்த அணி, மேரிலாந்தின் யு.எம்.பி.சி. என்ற கல்லூரியிடம் 74-54 என்று தோற்றது. பாதி ஆட்டத்தில் 21-21. யு.எம்.பி.சி. 24 மூன்று புள்ளி முயற்சியில் 12ஐப் போட்டது, வர்ஜீனியா 22இல் 4. மூன்று புள்ளி நிறைய எறியும் அணி எதிரில் இருந்தால் இந்தப் பத்தி கட்டாயம் வேண்டும்.

வீரர்களைப் பெயர் சொல்லி இழிவாக எழுதாதீர்கள், சமூக ஊடகத்தில் அவர்களை டேக் செய்யாதீர்கள். 19, 20 வயதுப் பிள்ளைகள். பந்தயம் கட்டித் தோற்றவர்களிடமிருந்து அவர்களுக்கு வருகிற வசவே போதுமான அளவு இருக்கிறது.

8. ஆட்ட நாள்

காலையில் ஒருமுறை காயச் செய்திகளைத் தேடுங்கள். மேலே சொன்ன வர்ஜீனியாவின் டீஆண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியேறிய செய்தி ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் வந்தது. சில கான்ஃபரன்ஸ்களில் யார் ஆடுவார் என்ற பட்டியலை வெளியிடச் சொல்கிறார்கள், ஆனால் அது தங்களுக்குள் ஆடும் ஆட்டங்களுக்கு. நவம்பர் ஆட்டங்களுக்கு அணியின் உள்ளூர் நிருபர்தான் ஒரே வழி. பயிற்சி எறிதல் நடக்கும்போது யார் சாதாரண உடையில் நிற்கிறார் என்று அவர் முதலில் எழுதிவிடுவார்.

நேரத்தை இரண்டு தரம் பாருங்கள். தொலைக்காட்சி அறிவிப்புகளில் பெரும்பாலும் கிழக்கு நேரம் இருக்கும், கல்லூரித் தளத்தில் உள்ளூர் நேரம். நேரில் போகிறீர்கள் என்றால் மாணவர் டிக்கெட்டைச் செயலியில் எப்போது பதிவுசெய்ய வேண்டும் என்று முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள், பல இடங்களில் அதற்கு நாள், நேரம் குறித்திருப்பார்கள். மாணவர் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பல அரங்குகளில் 12க்கு 6க்கு 12 அங்குல அளவுக்குள் உள்ள ஒளி ஊடுருவும் பை மட்டும்தான் அனுமதி. லேப்டாப் பையோடு வகுப்பிலிருந்து நேராகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் விடுமுறை வாரத்தில் இப்படிப்பட்ட ஆட்டங்களுக்கு டிக்கெட் மிக மலிவாகக் கிடைக்கும், குடும்பத்தோடு போக அதுவே நல்ல சமயம்.

ஆட்டம் முடிந்ததும் பாக்ஸ் ஸ்கோரை உங்கள் குறிப்போடு சேர்த்து, தேதி போட்டு வையுங்கள். சில ஒப்பந்தங்கள் இரண்டு ஆண்டுக்கானவை, அப்படியென்றால் அடுத்த சீசன் உங்கள் அணி அவர்கள் ஊருக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது கோச்சின் தற்காப்பு முறையும் வேகமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அந்தப் பகுதி உதவும். வீரர் பட்டியலை மட்டும் புதிதாகத் தொடங்குங்கள்.